கதை வாசிக்கும் குரல்

தமிழ் மக்கள் நூலைக் கண்ணாற் படிப்பதற்கு முன்னே காதாற் கேட்டுப் பழகியவர்கள். புதிதாய் இயற்றிய நூலைச் சான்றோர் கூடிய அவையிலே படித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்த பின்னரே அதனை நூலென ஏற்றுக்கொண்டனர். அதற்கு அரங்கேற்றம் என்று பெயரிட்டனர். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்து, கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என வற்புறுத்தினார். ஏடு அரிதாயும் எழுத்தறிந்தோர் சிலராயும் இருந்த காலத்தில், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டலே நூல் பரவும் வழியாக இருந்தது.

அந்த வழி இன்று வேறொரு கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. நாவலையோ சிறுகதையையோ ஒருவர் தொடக்கம் முதல் இறுதி வரை வாசித்துப் பதிவு செய்கிறார். மக்கள் அதனைக் கைப்பேசியிலே பெற்று, சமைக்கும்போதும் பேருந்திற் செல்லும்போதும் கேட்கின்றனர். இதற்கு ஒலிநூல் என்பது பெயர். ஒலிநூல் கேட்போரிடம் ஓர் அநுபவம் பொதுவாகக் காணப்படுகிறது. ஒரே நாவலை இருவர் வாசித்திருப்பர். ஒருவர் வாசிப்பிலே அது விடிய விடியக் கேட்கத் தூண்டும்; மற்றவர் வாசிப்பிலே அரைமணி நேரத்திற் சலிப்புத் தட்டிவிடும். ஆசிரியர் ஒருவரே, சொற்களும் அவையே. ஆகவே, இன்பத்தைக் கூட்டியதும் குறைத்ததும் வாசிப்பவரின் குரலே என எளிதிற் கூறிவிடலாம். அக்குரல் அதனை எவ்வாறு செய்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்கு ஹந்தானை மலை பொருத்தமானதோர் இடம். கண்டி நகருக்குத் தென்மேற்கே சிகரங்கள் பல அடுக்கடுக்காய் நிற்க நீண்டு கிடப்பது இம்மலைத்தொடர். அதன் சரிவிலே தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் வாழும் லயங்களும் உள்ளன. அடிவாரத்தில் மகாவலி கங்கையை அடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கீழே கண்டி மாநகரின் கடைவீதிகளும் கோவில்களும் விகாரைகளும் பள்ளிவாசல்களும். இத்தனை வகை மக்களும் தத்தமக்குரிய முறையிற் கதை கேட்டு வளர்ந்தவர்கள்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே, காலையிற் பிரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை முடிந்து திரும்பிய மக்களுக்குக் கதையே இளைப்பாறுதலாக இருந்தது. இராமாயணம், பாரதம், நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியன பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் தமிழகத்திலிருந்து வந்தன. லயத்திலே எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாலும் போதும். காம்பராவின் இஸ்தோப்பிலே விளக்கருகில் அமர்ந்து அவர் இராகத்தோடு படிப்பார்; ஏனையோர் குளிருக்குக் கம்பளி போர்த்துச் சூழ்ந்திருந்து கேட்பர். மாசி மாதத்திலே காமன் கூத்து நடைபெறும். அங்கே கதை தப்பொலியோடு கூடிய பாட்டாக வெளிப்படும். சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) இம்மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தமையால், அவர்களுடைய வாய்மொழிச் செல்வத்தில் ஒரு பகுதி அச்சேறியது.

சிங்களக் கிராமங்களிலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. ஐந்நூற்றைம்பது ஜாதகக் கதைகளின் பெருந்தொகுதியான பன்சிய பனஸ் ஜாதக பொத்த என்னும் நூலை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டனர். சாவு வீட்டிலே யசோதராவத போன்ற கவிகளை இராப்பொழுதிற் பாடித் துயர் ஆற்றினர். முஸ்லிம் மக்களிடையே சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் ஓதப்பட்டன. கண்டியிலே 1838 இற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' தமிழின் மிக முந்திய நாவல்களுள் ஒன்றாகும். அச்சிட்ட நாவலை ஒருவர் தனித்திருந்து மௌனமாய்ப் படிக்கும் பழக்கம் அத்தகைய நூல்களோடு வந்தது. கேட்கும் பழக்கமோ அதற்கு நெடுங்காலம் முந்தியது.

பேராதனை வளாகமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. பேராசிரியர் சரச்சந்திரர் 1956 இல் அரங்கேற்றிய 'மனமே' நாடகம் அங்குள்ள திறந்தவெளி அரங்கிலே பலமுறை ஆடப்பட்டது. அவ்வரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அவ்வளாகத்து மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றினார். மனமே நாடகத்திலே பொத்தே குரு என்பவர் தோன்றிக் கதையைத் தொடுத்துச் செல்கிறார். தமிழ்க் கூத்திலே கட்டியகாரன் வருவோரை அறிவிக்கிறான். பாத்திரங்கள் கண்முன்னே ஆடிப் பாடும் மேடையிலேயே கதையைத் தொடுத்துரைக்க ஒருவர் வேண்டியிருந்ததாயின், கண்ணுக்கு ஒன்றும் புலனாகாத ஒலிநூலிலே அவருடைய பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, யாழ்ப்பாணத்துக் கோவில்களிலே வழங்கும் புராண படனத்தை நோக்குவோம். கச்சியப்பரின் கந்தபுராணத்தை ஒருவர் பண்ணோடு வாசிப்பார். மற்றொருவர் அப்பாட்டுக்குப் பயன் சொல்வார். முன்னவர் நூலாசிரியரின் சொல்லுக்கு ஊறு நேராமற் காப்பவர். பின்னவர் அச்சொல்லைக் கேட்போரின் உள்ளத்தில் இறக்கி வைப்பவர். இவ்விரண்டு தொழிலையும் ஒரே குரலினாற் செய்ய வேண்டியவர் ஒலிநூலின் வாசிப்பாளர். ஆசிரியர் எழுதியதிலே ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமையில்லை. விளக்கம் கூறவும் இடமில்லை. தொனியும் வேகமும் நிறுத்தமுமே அவருக்குக் கிடைத்த உரை.

அவருக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். வில்லுப்பாட்டிலும் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' என்று சொல்லித் தலைவரை முன்னே செலுத்துவர். 'உம்' மெலிந்தால் பாட்டி கதையைச் சுருக்குவாள். குழந்தை அஞ்சினால் அரக்கனைச் சிறிது தூரத்திலே நிறுத்துவாள். கேட்போரின் முகம் பார்த்துக் கதையை நடத்தும் இவ்வசதி ஒலிப்பதிவு அறையிலே இல்லை. வாசிப்பாளர் எதிரே இருப்பது ஒலிவாங்கி ஒன்றே. கேளாத அந்த 'உம்' என்னும் ஓசையை மனத்திலே கேட்டுக்கொண்டு வாசிப்பவரே நல்ல வாசிப்பாளர். அஃது இல்லாதவர் எழுத்தை ஒலியாக்குவாரேயன்றிக் கதை சொல்பவராகார்.

ஒலிநூலின் வரலாறு சுருக்கமானது. எடிசன் 1877 இல் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டபோதே, பார்வையற்றோர்க்கு நூல்களைப் படித்துக் காட்ட அது பயன்படும் என எண்ணினார். ஆயினும் அக்காலத்துப் பதிவுகள் சில நிமிடங்களே ஒலித்தன. பிரித்தானியாவில் 1935 இலே பேசும் புத்தகச் சேவை தொடங்கப்பெற்றது. முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்த வீரர்களுக்கு அது பெருந்துணையாயிற்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிட வாசிப்பு அடங்கியது. முதலில் வந்த நூல்களுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை'. அந்நாவலிலே கதை சொல்லும் பாத்திரமே ஓர் உண்மையைக் கடைசிவரை மறைத்து வைத்திருக்கிறது. அதனை வாசிப்பவரின் குரலிலே ஒரு சிறு நடுக்கமோ குறிப்போ முன்கூட்டித் தோன்றுமாயின் நாவலின் சுவை முழுவதும் கெட்டுவிடும். ஒலிநூற் கலையின் முதன்மையான சோதனை அக்கலை பிறந்த நாளிலேயே எதிர்ப்பட்டது எனலாம்.

இலங்கையிலே 1925 இல் தொடங்கிய வானொலி, 1949 இல் இலங்கை வானொலி என்றும், 1967 இல் கூட்டுத்தாபனம் என்றும் வளர்ந்தது. அதன் தமிழ்ச் சேவை கேட்கும் கதையை இல்லந்தோறும் கொண்டு சென்றது. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் தயாரித்த நாடகங்கள், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' என்னும் தொடர், கதையை வாசித்து இடையிடையே பாடல் ஒலிக்கச் செய்த 'இசையும் கதையும்' நிகழ்ச்சி ஆகியன இன்றும் முதியோரின் நினைவில் நிற்கின்றன. இலங்கை வானொலியிலும் இலண்டன் பி.பி.சி. தமிழோசையிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என ஒரு நூலே எழுதினார். தோட்டத்து லயங்களிலும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து பலர் கேட்டனர். பெரிய எழுத்துப் புத்தகம் படித்தவரின் இடத்தை அப்பெட்டி பெற்றது.

இனி, வாசிப்பாளர் ஆற்றும் தொழில்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, வாக்கியத்தைத் தாங்குதல். தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் இறுதியில் நிற்கும் வினைமுற்றிலே இருக்கிறது. 'எழுந்து, கதவைத் திறந்து, மழையைப் பார்த்து, மறுபடியும் வந்து' என எச்சங்கள் அடுக்கி வர, 'படுத்துக்கொண்டான்' என்ற முற்றுக்காகச் செவி காத்திருக்கும். கண்ணாற் படிப்பவன் நீண்ட வாக்கியத்தின் முடிவை ஓரக்கண்ணாற் கண்டுவிடுவான். வழி தவறின் திரும்பியும் படிப்பான். செவிக்கு அந்த வசதியில்லை. வாசிப்பாளர் ஒவ்வோர் எச்சத்திலும் குரலை இறக்கிவிட்டால் வாக்கியம் பல துண்டுகளாகச் சிதறும். முற்று வரும்வரை குரலைத் தளரவிடாது கொண்டு செல்லல் வேண்டும். அதற்கு மூச்சும் வேண்டும்; வாக்கியம் எங்கே முடிகிறது என்ற முன்னறிவும் வேண்டும்.

இரண்டாவது, உரையாடலைத் தொடங்கும் முறை. தமிழிலே பேச்சு முன்னும் பேசியவர் பின்னும் வருதல் பெருவழக்கு. 'நாளைக்குப் பிரட்டுக்குப் போக வேண்டாம் என்று கிழவி மெல்லச் சொன்னாள்' என ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சொன்னவள் கிழவி என்பதும், மெல்லச் சொன்னாள் என்பதும் இறுதியிலேதான் தெரிகின்றன. வாசிப்பாளர் முன்னதாகப் படித்து அறிந்திராவிடின், அப்பேச்சை ஓர் இளைஞனின் உரத்த குரலிலே கூறிவிட்டுப் பின்னர் 'கிழவி மெல்ல' என்று வாசிக்க நேரும். கேட்பவர் மனத்திலே எழுந்த உருவம் அப்போது குலைந்துபோகும். ஒரு பக்கத்தில் இருமுறை இவ்வாறு நிகழ்ந்தாற் கேட்பவர் கதையை விட்டு வாசிப்பாளரையே கவனிக்கத் தொடங்கிவிடுவார். ஆதலின், முன்னர்ப் படித்துப் பாராத நூலை ஒலிவாங்கியின் முன் முதன்முறையாகத் திறத்தல் தகாது.

நாவலாசிரியர் டிக்கின்ஸ் 1853 முதல் தம் கதைகளை மக்கள் முன்னே வாசித்து வந்தார். 1858 முதல் அதனைத் தொழிலாகவும் மேற்கொண்டார். அவற்றை எழுதியவர் அவரேயாயினும், வாசிப்பதற்கெனத் தனிப் பிரதி வைத்து, அதன் ஓரங்களிலே எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே சைகை காட்டுவது என்பன போன்ற குறிப்புக்களை எழுதிவைத்துப் பயிற்சி செய்தார். சொந்தக் கதையை வாசிக்கவே அத்துணை ஆயத்தம் வேண்டியிருந்ததெனில், பிறர் கதையை வாசிப்போர்க்கு எவ்வளவு வேண்டும்!

மூன்றாவது, எழுத்துக்களின் ஒலி. ஹந்தானையைப் பற்றிய கதையொன்றில் மலையும் மழையும் அடுத்தடுத்து வருதல் இயல்பு. லகரமும் ழகரமும் ஒன்றாக ஒலிக்குமாயின் சரிவிலே தெரிவது எது, பெய்வது எது என்று கேட்பவர் மயங்குவார். 'வழி தெரியவில்லை' என்பதற்கும் 'வலி தெரியவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு நாவின் ஒரு சிறு வளைவிலே தங்கியிருக்கிறது. ஒரே எழுத்திலே இரண்டு ஒலி மறைந்திருப்பதும் உண்டு. 'பாவம்' என்ற சொல் தீவினையையும் குறிக்கும், முகக்குறிப்பையும் குறிக்கும். இரண்டும் ஒலியால் வேறுபட்டவை. 'அவள் முகத்திலே அந்தப் பாவம் தெரிந்தது' என்னும் இடத்தில், எதனை ஆசிரியர் கருதினார் என்பதை இடம் நோக்கி வாசிப்பாளரே தெளிதல் வேண்டும். படிப்பவர் தாமே செய்துகொள்ளும் இத்தெளிவைக் கேட்பவருக்காக அவர் செய்து கொடுக்கிறார்.

நான்காவது, வேகமும் மௌனமும். ஆங்கில ஒலிநூல்களை நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்ற அளவிலே வாசித்தல் வழக்கம். தமிழ்ச் சொல்லோ வேற்றுமையையும் காலத்தையும் பாலையும் தன்னுள் அடக்கிக்கொண்டு நீண்டு நிற்பது. எனவே அந்த எண்ணைத் தமிழுக்கு வைத்துக்கொண்டால் வாசிப்பு ஓட்டமாகிவிடும். காட்சி வருணனை மெல்லச் செல்லலாம். சண்டையும் துரத்தலும் விரையலாம். ஆனால், சாவுச் செய்தியொன்று கூறப்பட்ட பின்பு இரண்டு மூச்சளவு மௌனம் வேண்டும். கேட்பவர் அச்செய்தியை உணர்வது அந்த மௌனத்திலேதான். கைப்பேசியிலே வாசிப்பை விரைவுபடுத்திக் கேட்கும் வசதி இன்று உண்டு. செய்தியறிய அது பயன்படலாம். கதையின் மௌனங்களையோ அது முதலில் தின்றுவிடுகிறது.

ஐந்தாவது, பாத்திரங்களின் குரல். இங்கேதான் மிகுதியும் பிழை நிகழ்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலை எடுத்துக்கொள்வோம். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் அதனைப் பலர் பலவாறு வாசித்து வெளியிட்டுள்ளனர். அதிலே வந்தியத்தேவனின் துடுக்கும், ஆழ்வார்க்கடியானின் வம்பும், பழுவேட்டரையரின் முழக்கமும் வாசிப்பாளருக்கு எளிதிற் கைவரும். நந்தினியின் பேச்சோ கடினமானது. அவள் உள்ளத்தில் இருப்பதை ஆசிரியர் சிறிது சிறிதாகவே வெளியிடுகிறார். முதற் சந்திப்பிலேயே நஞ்சு தோய்ந்த குரலிலே அவளைப் பேசவைக்கும் வாசிப்பாளர், பல நூறு பக்கங்களுக்குப் பின் விழ வேண்டிய திரையை முன்னரே கிழித்துவிடுகிறார். வந்தியத்தேவன் மயங்குவது போலக் கேட்பவரும் மயங்க வேண்டும். ஆகையால் வாசிப்பாளர் தாம் அறிந்ததை அறியாதவர் போல வாசித்தல் வேண்டும்.

ஆண் ஒருவர் பெண்பாத்திரத்துக்காகக் குரலைக் கீச்சென உயர்த்துதலும், கிழவருக்கெல்லாம் இருமலைச் சேர்த்தலும் செவிக்கு ஒவ்வாதவை. ஒருவரது பேச்சு சற்றே விரைவாயும், மற்றொருவரது சற்றே தாழ்ந்தும் இருந்தாற் போதும்; எஞ்சியதைக் கேட்பவரின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். அவ்வின்பத்தை அவருக்கு விட்டுக்கொடாத வாசிப்பு, படிப்பிக்கத் தெரியாத ஆசான் எல்லாக் கணக்கையும் தானே செய்து முடிப்பதைப் போன்றது.

பாத்திரத்துக்கு ஒருவராகப் பலரைக் கொண்டு வாசிக்கும் முறையும் உண்டு. பாம்பே கண்ணன் கல்கியின் நாவலை அவ்வாறு பல குரல்களில் ஒலிநூலாக்கினார். அதிலே யார் பேசுகிறார் என்ற ஐயம் எழுவதில்லை. நாடகம் கேட்கும் இன்பமும் கிடைக்கிறது. அரசர்களும் ஒற்றர்களும் நிறைந்த பெருங்கதைக்கு அது பொருந்தும். ஆனால், ஒரு மனத்தின் ஆழத்திலே நடக்கும் சிறுகதைக்கு ஒரே குரலே சிறப்பு. அங்கே எல்லாப் பாத்திரங்களும் கதை சொல்பவர் நினைவிலிருந்து எழுகின்றன. அவருடைய குரலின் நிழல் எல்லார் பேச்சிலும் படிந்திருத்தல் இயற்கையே.

இனிக் கூறவிருப்பதே இவற்றுள் முக்கியமானது. அது வட்டார வழக்கைப் பற்றியது.

புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு 'துன்பக்கேணி' என்னும் கதையை எழுதினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவல் 1964 இல் வெளிவந்தது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் தொகுதி 1980 இல் வந்தது. இத்தகைய கதைகளிலே துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்துக்காரியும் பேசும் தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழும் அன்று. சென்னைத் தமிழும் அன்று. தமிழகத்திலிருந்து வந்த பேச்சு, மலைக்காற்றிலே பல தலைமுறை உலர்ந்து, சிங்களச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து தனக்கென ஒரு நடை பெற்றது. பிரட்டு, காம்பரா, லயம், இஸ்தோப்பு என்பன அதன் சொற்கள். எழுத்திலே இவை கறுப்பு மையாகக் கிடக்கின்றன. ஒலிநூலிலே யாரேனும் ஒருவர் இவற்றை உச்சரித்தாக வேண்டும்.

அவ்விடத்தில் வாசிப்பாளர் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்கிறார். எல்லாவற்றையும் ஏட்டுத்தமிழின் ஓசைக்கு மாற்றி வாசிக்கலாம். அப்போது தொழிலாளிப் பெண் செய்தி வாசிப்பவளைப் போலப் பேசுவாள். மிகைப்படுத்தி வாசிக்கலாம், அப்போது கண்ணீர் வர வேண்டிய இடத்திலே நகைப்பு வரும். எளிய மக்களின் பேச்சை நகைச்சுவைக்கென்றே பயன்படுத்திய மேடை வழக்கம் தமிழில் நெடுங்காலம் இருந்ததனால், இத்தவறு அறியாமலே நேர்ந்துவிடுகிறது. மூன்றாவது வழி, அம்மக்கள் பேசுவதை உடனிருந்து கேட்டு, அதன் ஏற்றத் தாழ்வையும் இழுவையையும் மதிப்போடு ஏற்று, வேண்டிய அளவுக்கு மட்டும் குரலிலே கொணர்தல். இது கடினமானது, காலமும் வேண்டுவது. ஆயினும் அம்மக்களுக்கு உரிய நீதி இவ்வழியிலேதான் உண்டு.

இதிலே அடங்கிய நீதி சிறிதன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியா செல்ல வேண்டியவராயினர். சென்றவர் பலர் நீலகிரியிலும் பிறவிடங்களிலும் மீண்டும் தேயிலைச் செடியின் நடுவிலேயே குடியேறினர். எஞ்சி நின்றோருக்குக் குடியுரிமைத் தடை முற்றாக நீங்கியது 2003 இலேயே. ஒரு குடும்பத்தின் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிரிந்தது. இன்று இம்மலையகக் கதையொன்று ஒலிநூலாகுமாயின், ஹந்தானைச் சரிவிலுள்ள பேரனும் நீலகிரியிலுள்ள மூதாட்டியும் அதனை ஒரே நாளிலே கேட்கலாம். அம்மூதாட்டியின் செவிக்கு எட்டுவது தன் வீட்டுப் பேச்சா, அன்றித் தன்னைப் பார்த்து நகைக்கும் பேச்சா என்பதை முடிவு செய்வது வாசிப்பாளரின் குரல்.

ஹந்தானையிலே 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அரும்பொருட்காட்சிச் சாலையாக விளங்குகிறது. கொழுந்தை உருட்டிய பொறிகளும் உலர்த்திய பொறிகளும் அங்கே பேணி வைக்கப்பட்டுள்ளன. அது நன்று. அக்கொழுந்தைப் பறித்தவர் மாலையிலே சொன்ன கதைகளும், அவற்றைச் சொன்ன குரல்களும் பேணப்படுதலும் அதே அளவு வேண்டற்பாலது. பொறி துருப்பிடித்தாலும் நெடுங்காலம் நிற்கும். குரல் அதனை உடையவரோடு மறைந்துவிடும்.

தொழிலாளரும் கதையும் என்ற வகையிலே கியூபா நாட்டுச் செய்தியொன்று இங்கே நினைக்கத்தக்கது. ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலே 1865 முதல் ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, உயர்ந்த மேடையிலே ஒருவர் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்க வாசிப்பார். அவருடைய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். எந்த நூலை வாசிப்பது என்பதையும், யார் வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். வாசித்துக் காட்டச் செய்து, செவிக்கு ஏற்றவரையே அமர்த்தினர். தூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' அவர்களுக்கு மிக விருப்பமான நாவல். அப்பெயரிலேயே ஒரு சுருட்டு வகை பின்னாளிற் புகழ் பெற்றது. ஆட்சியாளர் இவ்வழக்கத்தை 1866 இலேயே தடுத்தனர். ஆயினும் அது மீண்டும் தழைத்தது. எழுத்தறியாத தொழிலாளரும் இலக்கியத்தின் நடுவர் ஆகலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு குரல் தமக்கு ஏற்றதா அன்றா என்பதை அறியப் பட்டம் வேண்டுவதில்லை; கேட்டுப் பழகிய செவியே போதும்.

அண்மையிலே கணிப்பொறியும் மனிதக் குரலைப் போல வாசிக்கக் கற்றுவிட்டது. பாடநூலையும் செய்தியையும் சட்ட விதிகளையும் பார்வையற்றோர்க்கு உடனுக்குடன் படித்துக் காட்ட அது பெருந்துணை புரியும். அதனை இகழ்தல் நன்றியின்மையாகும். ஆனால், கதை என்பது செய்தி மட்டும் அன்று. 'நீ மிக நல்லவன்' என்ற தொடரைப் புகழ்ச்சியாகவும் சொல்லலாம், பழிப்பாகவும் சொல்லலாம், உடைந்த உள்ளத்தோடும் சொல்லலாம். எந்த இடத்தில் எது என்பதைத் தேர, முன்னே நடந்ததை உணர்ந்து, பின்னே வருவதை மறைத்து வைக்கும் ஒரு மனம் வேண்டும். அந்தத் தேர்வே வாசிப்பின் உயிர்.

இத்திறம் தானாக வருவதன்று, பழக்கத்தால் வருவது. முன்னாளிலே பள்ளிக்கூடங்களில் உரக்க வாசித்தல் ஒரு பாடமாகவே நடந்தது. மாணவன் எழுந்து நின்று, நிறுத்தக்குறி அறிந்து, லகர ளகர ழகர வேறுபாடு தோன்ற, வகுப்பு முழுவதும் கேட்க வாசித்தான். எழுத்துத் தேர்வே எல்லாமாகிய பின்பு அப்பழக்கம் மெலிந்தது. அதனை மீண்டும் போற்றுதல் இப்போது இருமடங்கு பயன் தரும். வகுப்பிலே வாரத்துக்கு ஒரு சிறுகதையை ஒரு மாணவனோ மாணவியோ முன்கூட்டிப் பயின்று வாசிக்கட்டும். ஏனையோர் நூலை மூடிவைத்துக் கேட்கட்டும். எங்கே மனம் ஒன்றியது, எங்கே விலகியது என அவர்களே பின்னர்ச் சொல்லட்டும். லயத்திலும் கிராமத்திலும் உள்ள முதியோரின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, பள்ளி நூலகத்திலே சேர்க்கட்டும். இன்று ஒரு கைப்பேசியே இதற்குப் போதிய கருவி.

ஒலிநூலை நாடுவோர் பலர்: கண்பார்வை குன்றிய முதியோர், கூடை சுமந்து களைத்தோர், நெடுவழிப் பயணம் செய்வோர், தமிழ் பேச அறிந்தும் எழுத்துக் கற்க வாய்ப்பின்றி அயல்நாட்டிலே வளரும் பிள்ளைகள். அவர்களுக்கு நூலின் வாயில் குரல் ஒன்றே. எழுத்தாளர் எவ்வளவு அரிதின் முயன்று எழுதியிருப்பினும், அவ்வாயிலைத் திறப்பவர் வாசிப்பாளரே. அவர் தம் குரலின் இனிமையைக் காட்ட முற்படாமல், கேட்பவரைக் கைப்பிடித்துக் கதையினுள்ளே அழைத்துச் சென்று, உள்ளே சேர்ந்ததும் தாம் சற்று விலகி நிற்பாராயின், கேட்பவர் குரலை மறந்து கதையை மட்டும் நினைப்பார். வாசிப்பாளர் பெறத்தக்க பாராட்டுக்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை.